உயிரோடிருப்பவரின் கல்வெட்டு

எங்கள் தீவில் வருடம் முழுவதும் புதுப் புத்தகங்கள் வருகின்றன என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். ஆனால் வருகின்றன. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வெளிக்கிடும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். பளபளப்பான அட்டை, நடுவில் இறந்தவரின் படம், படத்தைச் சுற்றிப் பூ. உள்ளே தோற்றம், மறைவு, வாழ்க்கை வரலாறு, தோத்திரப் பாடல்கள், பிள்ளைகளும் மருமக்களும் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விபரம், கடைசியில் நன்றி. நினைவு மலர் என்று அட்டையில் அச்சிட்டாலும் நாங்கள் அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்வோம்.

பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, புங்குடுதீவில் வெளிவரும் கல்வெட்டுகளில் கணிசமானவற்றுக்கு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுப்பவள் நான். "அக்கா, நீங்கள் எழுதினாத்தான் ஒரு சீர்" என்று வருவார்கள். சீராகத்தான் எழுதுகிறேன். வேலிச் சண்டைக்காக ஆயுள் முழுக்க ஊர்காவற்றுறை நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர் என் கையில் நீதியில் நாட்டம் கொண்டவர் ஆனார். மூன்று வீட்டாருடன் கதைபேச்சு இல்லாமல் போய்ச் சேர்ந்த அம்மையாரை அதிகம் பேசாத அமைதியானவர் என்று எழுதினேன். ஒருவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. வாசித்தால்தானே தெரிவிப்பதற்கு.

கல்வெட்டை வாசிக்கும் முறை வேறு. பின்னாலிருந்து தொடங்க வேண்டும். உறவினர் விபரத்தில் தன் பெயர் இருக்கிறதா, மச்சானின் பெயருக்கு மேலேயா கீழேயா, நன்றிப் பக்கத்தில் தான் பந்தல் போட்டது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படத்தைப் பார்த்து "நல்ல படம்" என்று சொல்ல வேண்டும். அத்துடன் வாசிப்பு முடிந்தது. இந்தப் பழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மடத்துவெளியில் எங்கள் வாசிகசாலை இருக்கிறது. ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி, ஒரு கூட்டம் வைப்பது வழக்கம். வெளியிலிருந்து யாராவது வந்து, நூல்களே நண்பர்கள் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போவார். இந்த முறை ஒருவரும் அகப்படவில்லைப் போலும், என்னைக் கேட்டார்கள். இந்த வருடம் வந்த நல்ல புத்தகங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச வேண்டும். "பிள்ளைகளுக்குப் பிரயோசனமாய்" என்று செயலாளர் சேர்த்துச் சொன்னார். பிரயோசனம் என்றால் பரீட்சை வழிகாட்டி. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. நான் வேறு பட்டியல் போட்டேன்.

தீவுப் பகுதிக் கிணறுகளைப் பற்றி ஒரு பொறியியலாளர் எழுதிய நூல் முதலில். நாவலைப் போல விறுவிறுப்பானது என்று பின்னட்டையில் இருக்கிறது. அது பொய். ஒழுங்காக எழுதிய விசாரணை அறிக்கையைப் போல இருக்கிறது, எனக்கு அது நாவலைவிட ருசி. எந்தக் கிணறு எப்போது உவர்ப்பாகியது, யார் எந்த மோட்டரைப் பூட்டி அதைக் கெடுத்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அடுத்தது, தென்பகுதிப் புகையிரத நிலையங்களில் வேலை செய்த ஒருவரின் சிங்களச் சிறுகதைகள், தமிழில். மொழிபெயர்ப்பாளர் சில இடங்களில் களைத்துப்போயிருக்கிறார் என்றாலும் கதைகள் களைக்கவில்லை. பிறகு ஒரு தாதியின் நினைவுகள். தன்னைத் தியாகி என்று ஓரிடத்திலும் சொல்லாத தாதி. அதற்காகவே வாங்கலாம். நான்காவது, இந்த வருடம் நான் வாசித்தவற்றில் ஆகச் சிறந்தது என்று என் கையெழுத்தில் குறித்து வைத்தது, எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் முதல் நாவல்.

அவள் நெடுந்தீவில் ஆசிரியை. விடியக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, பின்னேரம் படகில் திரும்புகிறவள். நாவல் முழுவதையும் அந்தப் படகில் இருந்து கைபேசியில் கட்டைவிரலால் எழுதியிருக்கிறாள். கடல் கொந்தளித்த நாட்களில் எழுதிய இடங்களில் வசனங்கள் குறுகிக் கட்டையாக இருக்கும் என்று அவளே சொன்னாள். சரிதான், கண்டுபிடிக்கலாம்.

கதை இதுதான். தென்பகுதியில் கடை வைத்திருந்த ஒரு தீவுக்காரர் வயதுபோன காலத்தில் ஊருக்குத் திரும்பி, பிள்ளைகள் கட்டுவித்த பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். கஞ்சன், கோபக்காரன், சில வேளைகளில் நம்பமுடியாத அளவுக்கு நல்லவன். கடைசியில் வருத்தம் முற்றிக் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் சாகிறார். அடுத்த அத்தியாயம் முழுவதும் அவருடைய கல்வெட்டு. தோற்றம் மறைவு முதல் நன்றி வரை, எழுத்தின் வடிவம்கூட மாறாமல். அதுவரை நாம் அறிந்துகொண்ட மனிதர் அந்தப் பக்கங்களில் ஒரு வரியிலும் இல்லை. என் தொழிலில் கைவைத்திருக்கிறாளே என்று முதலில் கோபம் வந்தது. எவ்வளவு திறமாகச் செய்திருக்கிறாள் என்று கண்டபோது அதைவிடக் கோபம் வந்தது.

அந்தக் கிழவர் யாரைப் போல என்று ஊரில் ஒருவரும் யோசிக்கத் தேவையில்லை. வாசிகசாலைத் தலைவரைப் போல. அவரும் தென்பகுதியில் கடை வைத்திருந்தவர், அவருடைய பிள்ளைகளும் கனடாவில். நாவலில் வரும் கிழவர் சைக்கிளை வீட்டு விறாந்தைக்குள் ஏற்றிய பிறகும் சங்கிலி போட்டுப் பூட்டுவார். தலைவரும் பூட்டுவார். பெயர் மட்டும் வேறு.

வந்த வினை அந்தப் பெயரால்தான். யாரோ ஒருவர் கல்வெட்டு அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து, "எங்கட ஊர் நாவலில்" என்று பகிடியாக வட்ஸ்அப்பில் போட்டார். அது இரண்டு கை மாறியதும் பகிடி உதிர்ந்து பக்கம் மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரில் மனிதர்களை வீட்டுப் பெயரால், கடைப் பெயரால், பட்டப் பெயரால் அறிவார்களே தவிர, பதிவுப் பெயர் சாகும்வரை ஒருவருக்கும் தெரியாது. கல்வெட்டில்தான் முதல்முறை தெரியவரும். ஆகவே வெளிநாட்டில் இருந்தவர்கள் பக்கத்தைப் பார்த்தார்கள். ஊர் சரி, கடை சரி, கனடாப் பிள்ளைகள் சரி. இதுதான் அவருடைய சொந்தப் பெயராக்கும் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

அன்று பின்னேரமே தலைவரின் வீட்டுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. பிரான்சில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், அவர் பேரில் நயினாதீவில் அன்னதானம் கொடுக்க வேண்டும் என்று அழைப்பெடுத்தாராம். மறுமுனையில் பேசிய குரலைக் கேட்டு, "நீங்கள் செத்தவருக்கு என்ன முறை?" என்று விசாரித்திருக்கிறார்.

"நான்தான் செத்தவர் கதைக்கிறன்," என்றாராம் தலைவர். "அன்னதானத்தை நிப்பாட்ட வேண்டாம். நானும் வந்து சாப்பிடுறன்."

அவர் அன்றைக்கு அதைப் பகிடியாகத்தான் எடுத்தார். பகிடியாக எடுக்காதவர் அவருடைய மகள். கனடாவிலிருந்து அழுது, உயிரோடிருக்கும் தகப்பனுக்கு அந்த நாவல்காரி கல்வெட்டு அடித்துவிட்டாள், இது சாபம் போடுவதற்குச் சமம், அந்தப் புத்தகம் ஊரில் இருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வாசிகசாலைக்குப் புதிதாக ஓடு போட்டதும் கதிரைகள் வாங்கியதும் அவளுடைய குடும்பம். செயலாளர் அவளுடைய மச்சான், தலைவருக்கு மருமகன் முறை. அடுத்த நாள் காலை என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உந்தப் புத்தகத்தை மட்டும் விடுங்கோ. மற்றதுகளைப் பற்றி ரெண்டு மணித்தியாலம் வேணுமெண்டாலும் கதையுங்கோ."

"வாசிச்சனீரோ?"

"அனுப்பின பக்கத்தைப் பாத்தனான்."

"ஒரு பக்கம்."

"ஒரு பக்கம் காணும்தானே. மச்சாள் அங்க சாப்பிடாமக் கிடக்கிறா."

"தேப்பன் உயிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்ச பிறகுமோ?"

"அலுமாரியில இருந்தும் எடுத்தாச்சு. நிர்வாக சபை முடிவு," என்றார்.

"எப்ப கூடினது சபை?"

"வட்ஸ்அப்பில."

"தீர்மானம்?"

"எல்லாரும் கட்டைவிரல் போட்டவை, அக்கா."

வாசிகசாலையின் யாப்பை எழுதிய குழுவில் இருந்தவள் நான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்வது எனக்குச் சந்தோசமாக இருந்தது. சபை கூடுவதற்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கூடினால் அறிக்கை எழுத வேண்டும். நூல் ஒன்றைக் கழிப்பதென்றால் அது கிழிந்திருக்க வேண்டும், செல்லரித்திருக்க வேண்டும், அல்லது தொலைந்திருக்க வேண்டும். ஒருவருடைய மகளுக்கு மனவருத்தம் என்பது இந்த மூன்றில் எதிலும் அடங்காது.

"அப்ப துலைஞ்சது எண்டு எழுதுவம்," என்றார்.

"எழுதலாம். துலைஞ்சா, பொறுப்பா இருக்கிறவர் புதுப் பிரதி வாங்கி வைக்கவேணும். பொறுப்பு நீர்தானே?"

"நீங்கள் இன்னும் கந்தோரில இருக்கிறன் எண்டு நினைக்கிறியள்," என்று எழும்பினார். படலைவரை போய்த் திரும்பி, "அக்கா, உங்களைக் கூட்டத்துக்கு அழைச்சதே நான்தான்," என்றார்.

"எழுத்தில அழைச்சனீர். ரத்துச் செய்யிறதெண்டாலும் எழுத்திலதான்."

ரத்துக் கடிதம் வரவில்லை. எழுதத் தெரியாமல் அல்ல. எழுதினால் அதற்கும் நான் பதில் போடுவேன் என்று தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரம் பஸ் எடுத்துக் குறிகட்டுவானுக்குப் போய், நாவல் எழுதிய பிள்ளைக்காகக் காத்திருந்தேன். நெடுந்தீவுப் படகு பிந்தி வந்தது. பயணிகளும் ஆட்டுக்குட்டிகளும் இறங்கிய பிறகு, பையை நெஞ்சோடு பிடித்தபடி இறங்கினாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். தலைவர் போய்விட்டார் என்று நம்பி, படகிலேயே இரண்டு பேர் அவளிடம் துக்கம் விசாரித்தார்களாம்.

"மன்னிப்புக் கேக்கச் சொல்லுகினமாம். கேக்கப் போறீரோ?" என்றேன்.

"எதுக்கு?"

"மனுசனைச் சாகடிச்சதுக்கு."

"நான் கொல்லேல்லை அன்ரி. வருத்தம் வந்து செத்தவர்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கள் கூட்டத்தில கதைக்காட்டியும் எனக்குப் பரவாயில்லை. ஆனா புத்தகம் இஞ்ச அலுமாரியில இருக்கவேணும். யாழ்ப்பாணத்தில வித்திருக்கு, கொழும்பில ஆக்கள் கேக்கினம். அங்கயெல்லாம் இருந்து, இஞ்ச மட்டும் இல்லையெண்டா என்ன அர்த்தம்? எங்கட சனத்தை வெளியாக்களுக்குக் காட்டிக் குடுத்தனான் எண்டுதானே? இவை வாசிச்சுப்போட்டுப் பேசட்டும். எவ்வளவு வேணுமெண்டாலும் பேசட்டும். வாசிக்காமல் ஒளிச்சு வைக்கேலாது."

அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு தைரியமும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. பஸ்சில் பக்கத்தில் இருந்து, கல்வெட்டு அத்தியாயத்தில் உறவினர் வரிசையில் ஒரு பிழை இருக்கிறது, மூத்த மருமகன் இளைய மகளுக்குப் பிறகு வரமாட்டார் என்று சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

கூட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை என் முருங்கை மரத்தோடு சேர்த்துப் பூட்டினார். திறப்பை மடியில் செருகிக்கொண்டு, "அந்தச் சாமானைத் தாரும் பாப்பம்," என்றார்.

"வாசிகசாலையில இருக்கவேண்டிய சாமான்."

"அதைத் தன்ர மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு மருமோன் திறப்பு இல்லையெண்டு சொல்லுறான். நீர் உம்மட பிரதியைத் தாரும்."

கொடுத்தேன். அவர் வீட்டு வழியால் போனவர்கள், விறாந்தையில் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக மாற்றி மாற்றி வைத்து அவர் வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ஒரு நாள் சாமான் வாங்கக்கூடக் கடைக்குப் போகவில்லையாம். என்ன நினைக்கிறார் என்று கேட்க நான் போகவில்லை. வாசித்துக்கொண்டிருப்பவரை அப்படிக் கேட்பது அநாகரிகம்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம். புதுக் கதிரைகள் நிறைந்துவிட்டன. நான் அறிந்தவரை எங்கள் வாசிகசாலையில் அப்படி நடந்ததில்லை. கிணற்று நூலுக்காக யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்திலிருந்து, வழக்கமாக எங்கள் கூட்டங்களை எட்டியும் பார்க்காத மீன்பிடித் தொழிலாளிகள் சிலர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார்கள். அவள் ஓரத்தில் ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். தலைவர் முன்வரிசையில், என் பிரதி மடியில்.

நான் கிணறுகளையும் புகையிரத நிலையங்களையும் அவசரப்படாமல் முடித்தேன். தாதியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "நான்காவது நூல் எங்கள் ஊரில் எழுதப்பட்டது," என்றேன்.

செயலாளர் எழும்பினார். "தலைவர் அவர்களே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை. சபை தீர்மானத்தின்படி—"

"இரு," என்றார் தலைவர்.

"மாமா, மச்சாள் கோல் எடுத்தவ, நீங்கள் இதுக்குள்ள—"

"செத்தவனுக்கு முன்னால இவ்வளவு கதைக்கக்கூடாது. இரு."

பின்வரிசை சிரித்தது. தலைவர் எழும்பி, என்னைப் பார்க்காமல் ஓரத்துக் கதிரையைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் முழுக்க வாசிச்சனான். கஞ்சன் எண்டு எழுதியிருக்கிறீர். சரி. வீட்டுக்குள்ள சைக்கிளைப் பூட்டுறதை எழுதியிருக்கிறீர். சைக்கிள் களவு குடுத்தவனுக்குத்தான் அது விளங்கும். கல்வெட்டை வாசிச்சு நான் சிரிச்சனான். உப்பிடித்தான் இவ எனக்கும் எழுதுவா." என் பக்கம் கை காட்டினார். "ஆனா ஒண்டு. கடைசியில ஏன் கொழும்பில கொண்டுபோய்ச் சாகவிட்டனீர்?"

அவள் எழும்பினாள். "அவருக்கு அங்கதான் நடந்தது, ஐயா."

"அடுத்த பதிப்பில மாத்தும். கதைதானே. ஊரில, சொந்த வீட்டில."

"ஏலாது, ஐயா."

அவள் பணிந்து ஒரு சொல் சொன்னால் போதும், புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"ஏன் ஏலாது? நீர் எழுதினதுதானே?"

"அவர் முதல் பக்கத்தில இருந்து இஞ்சதான் சாகவேணும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர். அது நடக்கேல்லை. அதைச் சொல்லத்தான் மற்ற எல்லாப் பக்கமும். மாத்தினா இதுவும் இன்னொரு கல்வெட்டு, ஐயா. அதை எழுத அன்ரி இருக்கிறா."

"நான் இஞ்சதான் சாவன்," என்றார் தலைவர். குரல் உயர்ந்துவிட்டது. "உம்மட புத்தகத்துக்காக நான் கொழும்புக்குப் போகேலாது."

"நீங்கள் இஞ்ச இருங்கோ. அவர் வேற ஆள்."

"வேற ஆளோ? அப்ப ஏன் பிரான்சில இருந்து எனக்குக் கோல் வருது?"

"ஐயா, செத்தவீடு எங்க எண்டதை ரெண்டு பேரும் ஒரு முடிவா எடுங்கோ," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நாங்கள் விடியத் தொழிலுக்குப் போகவேணும்."

தலைவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. செயலாளருக்கு அதுவே போதுமாக இருந்தது. "தலைவருக்கும் விருப்பமில்லை எண்டது இப்ப எல்லாருக்கும் விளங்கியிருக்கும். ஆகவே—"

"விருப்பமில்லைத்தான்," என்றார் தலைவர். "எனக்கு அந்த முடிவில துண்டா விருப்பமில்லை. அந்த ஆஸ்பத்திரி அத்தியாயத்திலயே நாலு இடம் பிழை. கடைத் தராசைப் பற்றி எழுதினதும் பிழை. ஒண்டொண்டாக் கேக்கப்போறன். நீ போய் அந்த லாச்சியைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்து அலுமாரியில வை."

"மாமா, விருப்பமில்லையெண்டு இப்பதானே—"

"விருப்பமில்லாத புத்தகத்தைப் பற்றி இவை வாசிக்காமல் என்னோட எப்பிடிக் கதைக்கிறது? வை எண்டனான்."

"மச்சாளுக்கு என்ன சொல்லுறது?"

"வாசிச்சுப்போட்டுக் கோல் எடுக்கச் சொல்லு."

திறப்பு இல்லை என்று சொல்லப்பட்ட லாச்சி உடனே திறந்தது. செயலாளர் புத்தகத்தை எடுத்துவந்து கண்ணாடி அலுமாரியில், பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பின்னால் செருகினார். நான் மேடையை விட்டு இறங்கிப் போய், அதை முன்னுக்கு எடுத்து அட்டை தெரிய நிறுத்தினேன். யாப்பில் அதற்கு விதி எதுவும் இல்லை. தேவையானால் திருத்தம் கொண்டுவரலாம்.

திரும்பி வந்து ஐந்தாவது நூலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நல்ல நூல், உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் இருந்து, தராசின் தட்டு எப்படித் தொங்கும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பின்வரிசைக்காரர் இரண்டு பேர் எழும்பி அலுமாரிப் பக்கம் போனார்கள்.